'எதிர்நீச்சல்' மாரிமுத்து: கேட்டவர்களும் கேட்ட கேள்விகளும்

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் நான் வைத்திருக்கும் தையல் கடையில் ரீவி கிடையாது. ஆனாலும் முதல்நாள் இரவு எந்த நாடகத்தில் என்ன நடந்தது என்பது மறுநாள் பத்து மணிக்குள் எனக்குத் தெரிந்துவிடும். அளவு கொடுக்க வருகிறவர்கள் அதை விட்டு வேறு கதைப்பதில்லை. அதில் 'எதிர்நீச்சல்' நாடகத்தில் குணசேகரனாக நடித்த மாரிமுத்துவைப் பற்றிய கதை மட்டும், ஆள் போய்ச் சேர்ந்து இவ்வளவு காலமாகியும் ஓயவில்லை. யூரியூப்பில் கண்டதை ஒருவர் சொல்ல, ரிக்ரொக்கில் கண்டதை மற்றவர் சொல்ல, கடைசியில் "நீர் உதுகள் வாசிக்கிறனீர்தானே, சொல்லும் பாப்பம்" என்று என்னிடம் வந்து நிற்கும். ஒரே பதிலை ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருக்காமல் எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

உந்த மாரிமுத்து எண்டவர் ஆர்? நாடகத்துக்கு வாறதுக்கு முந்தி எங்கை இருந்தவர்?

தமிழ்நாட்டில் தேனி மாவட்டம், வருசநாட்டுப் பக்கம் பசுமலைத்தேரி என்ற கிராமம்தான் ஊர். 1967 ஜூலை 12 பிறந்தார். நடிக்க வேண்டும் என்று சென்னைக்குப் போனவர் இல்லை, படம் இயக்கப் போனவர். முதலில் ராஜ்கிரணிடம் உதவி இயக்குநர். 'அரண்மனைக்கிளி', 'எல்லாமே என் ராசாதான்' ஆகிய படங்களில் வேலை செய்தார். பிறகு மணிரத்னம், வசந்த், சீமான், எஸ்.ஜே. சூர்யா என்று பலரிடம். கவிஞர் வைரமுத்துவிடமும் கொஞ்சக்காலம் உதவியாளராக இருந்திருக்கிறார்.

சொந்தமாக இரண்டு படங்கள் இயக்கினார். 2011இலிருந்து பத்து வருடத்துக்கு மேல் சினிமாவில் போலீஸ்காரராகவும் அப்பாவாகவும் பெரியப்பாவாகவும் வந்து போனார். முகம் தெரியும், பெயர் தெரியாது என்ற வகை நடிகர். பெயர் தெரிய வந்தது 2022இல், நாடகத்தால். 2023 செப்ரெம்பர் 8ஆம் திகதி இறந்துவிட்டார். அப்போது வயது 56.

சீமானோடை வேலை செய்தவராம், உண்மையே?

ஓம், சினிமாவில். சீமான் படம் இயக்கிக்கொண்டிருந்த காலத்தில் அவரிடம் உதவி இயக்குநராக இருந்தார். எங்கள் ஊரில் இந்தக் கேள்வி ஏன் இவ்வளவு வருகிறது என்பது விளங்குகிறது. ஆனால் அது ஒரு தொழில் உறவு. அதை வைத்து அரசியல் கதை கட்டத் தேவையில்லை.

'கண்ணும் கண்ணும்' அவர் எடுத்த படமோ? அதிலை துல்கர் சல்மானெல்லோ நடிச்சது?

இரண்டும் வேறு வேறு படங்கள். துல்கர் சல்மான் நடித்தது 2020இல் வந்த 'கண்ணும் கண்ணும் கொள்ளையடித்தால்'. அதை இயக்கியவர் தேசிங்கு பெரியசாமி. மாரிமுத்து இயக்கிய 'கண்ணும் கண்ணும்' 2008இல் வந்தது, பிரசன்னா நடித்தது. இரண்டாவது படம் 2014இல் வந்த 'புலிவால்'. அதிலும் பிரசன்னா, கூடவே விமல். அது 'சாப்பா குரிசு' என்ற மலையாளப் படத்தின் தமிழாக்கம்.

இரண்டு படத்துக்கும் நடுவில் ஆறு வருடம். அந்த இடைவெளியில்தான் நடிப்புப் பக்கம் திரும்பினார்.

மாரி செல்வராஜ் எண்டதும் இவர்தானோ?

இல்லை. மாரி செல்வராஜ் 'பரியேறும் பெருமாள்' படத்தை இயக்கியவர். மாரிமுத்து அதில் நாயகி ஜோவின் தகப்பனாக நடித்தவர். பெயர் கொஞ்சம் ஒத்துப்போவதாலும் ஒரே படத்தில் இருவரும் இருப்பதாலும் வந்த குழப்பம்.

சினிமாவிலை நல்லா நடிச்சிருக்கிறாரோ, இல்லாட்டி நாடகத்தாலை மட்டும்தான் பெயரோ?

நல்ல நடிகராக அவரை முதலில் கண்டுபிடித்தவர் மிஷ்கின். 2011இல் வந்த 'யுத்தம் செய்' படத்தில் கெட்ட போலீஸ் அதிகாரி வேஷம் கொடுத்தார். அதிலிருந்து வாய்ப்பு வரத் தொடங்கியது. 'கொம்பன்', 'மருது' என்று கிராமத்துப் படங்கள், 2022இல் 'விக்ரம்', 2023 ஓகஸ்டில் 'ஜெயிலர்' வரைக்கும் போனார்.

ஆனால் என்னைக் கேட்டால் 2018இல் வந்த 'பரியேறும் பெருமாள்'தான். மகளோடு படிக்கிற பையனைத் தன் சொந்தக்காரர்கள் கலியாண மண்டபத்து அறைக்குள் பூட்டி அடித்து அவமானப்படுத்துகிற இடத்தில் அந்தத் தகப்பனைப் பாருங்கள். அந்தப் பையனுக்காக இரங்குகிறார், தன் ஆட்களைத் தடுக்கவும் பயப்படுகிறார், மகளை விட்டு விலகிப் போய்விடு என்று கெஞ்சவும் செய்கிறார். மூன்றும் ஒரே முகத்தில் வந்து போகும். சாதியை விட முடியாத, ஆனால் கெட்டவன் என்றும் சொல்லிவிட முடியாத ஒரு மனிதர். அப்படி ஒருவரை எங்கள் ஊர்க் கலியாண வீடுகளில் தேடிக் களைக்க வேண்டியதில்லை, முன்வரிசையிலேயே இருப்பார். படம் முடிகிற இடத்தில் அவரும் அந்தப் பையனும் எதிரெதிரே இருந்து கதைக்கிற காட்சியையும் பாருங்கள். கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் தவிப்பது நடிப்பாகவே தெரியாது.

நாடகம் எப்ப தொடங்கினது? அவர் எவ்வளவு காலம் அதிலை நடிச்சவர்?

சன் ரீவியில் 2022 பெப்ரவரி 7ஆம் திகதி தொடங்கியது. இரவு ஒன்பதரைக்கு. அவர் இறந்தது 2023 செப்ரெம்பரில். ஆக மொத்தம் பத்தொன்பது மாதம்தான். கேட்கிற எல்லாரும் இந்த இடத்தில் ஒரு கணம் யோசிப்பார்கள், ஏதோ பத்து வருடமாகப் பார்த்த ஆள் மாதிரி இருக்கிறதே என்று. கிழமைக்கு ஆறு நாள் வீட்டுக்குள் வருகிற முகம் அப்படித்தான்.

எங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. நாடகம் தொடங்கிய கையோடு இங்கே கரண்ட் கட்டும் தொடங்கிவிட்டது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரைக்கும் போனது நினைவிருக்கும். ஒன்பதரைக்கு வீட்டில் கரண்ட் இருந்தால் அது அதிர்ஷ்டம். இருட்டுக்குள் ஒரு போனைச் சுற்றி வீட்டில் எல்லாரும் குந்தியிருந்து துண்டு துண்டாகப் பார்த்த நாடகம் இது. அடுப்புக்கு காஸ் இல்லை, பெற்றோலுக்கு வரிசை, அதற்குள்ளும் குணசேகரன் அண்டைக்கு என்ன சொன்னார் என்று விசாரித்தவர்களை எனக்குத் தெரியும்.

நான் நாடகம் பாக்கிறேல்லை. ஆர் இந்தக் குணசேகரன்? சுருக்கமாச் சொல்லும்.

மதுரைப் பக்கத்துப் பெரிய வீடு. ஆதி குணசேகரன் மூத்தவர். அவருக்குக் கீழே ஞானசேகரன், கதிரவன், சக்திவேல் என்று மூன்று தம்பிமார். நான்கு பேருக்கும் படித்த பெண்களாகப் பார்த்துக் கட்டிக்கொடுத்து, வீட்டுக்குள் வந்ததும் படிப்பை மூட்டை கட்டி வைக்கச் சொல்லிவிடுவார். மூத்த மருமகள் ஈஸ்வரி முதல் கடைசி மருமகள் ஜனனி வரைக்கும் அந்த வீட்டுக்குள் நடத்துகிற போராட்டம்தான் கதை. அப்பத்தா என்ற கிழவியின் பெயரில் சொத்தில் 40 வீதம் இருக்கிறது. அதுதான் குணசேகரனின் நித்திரையைக் கெடுக்கிற விஷயம்.

இயக்கியவர் திருச்செல்வம். 'கோலங்கள்' எடுத்து, அதில் தொல்காப்பியனாகவும் நடித்தவர். இதிலும் ஜீவானந்தம் என்ற பாத்திரத்தில் அவரே வருவார். கதை இதற்கு மேல் வேண்டுமென்றால் பக்கத்து வீட்டு அன்ரியைக் கேளுங்கள்.

அம்மம்மா அவரைத் திட்டித் திட்டித்தான் நாடகம் பாப்பா. செத்த அண்டைக்கு அழுதவ. இப்பிடி ஒரு கெட்டவனை எல்லாருக்கும் எப்பிடிப் பிடிச்சது?

அதிகம் வருகிற கேள்வி இதுதான். சாதாரணமாக நாடக வில்லன்கள் கண்ணை உருட்டுவார்கள், பின்னால் இடி இடிக்கும், கமரா மூன்று தரம் முகத்துக்குக் கிட்டப் போகும். மாரிமுத்து குணசேகரனை வில்லனாகவே நடிக்கவில்லை. தான் சொல்வது முழுக்க நியாயம் என்று நம்புகிற ஒரு வீட்டுப் பெரியவராக நடித்தார். வெள்ளை வேட்டி சட்டையோடு கூடத்தில் வந்து நின்று, மதுரைத் தமிழில், புத்தி சொல்கிற மாதிரியே அவமானப்படுத்துவார். "இந்தாம்மா ஏய்" என்று அவர் கூப்பிடுகிற விதத்தில் அதட்டலும் இருக்கும், ஒரு நக்கலும் இருக்கும். அந்த நக்கலுக்குச் சிரித்துவிட்டு, ஏன் சிரித்தோம் என்று நமக்கே கோபம் வரும். அவ்வளவு நுட்பமாக ஒருவரை வெறுக்க வைப்பது லேசான வேலையில்லை.

அடுத்தது, அந்த ஆளை எங்களுக்கு ஏற்கெனவே தெரியும். கடைக்கு வருகிற ஒருவர் சட்டைத் துணியை மடித்துக்கொண்டே சொன்னார்: "எங்கட வீட்டிலை இருக்கிறவரை ஒண்டும் சொல்லேலாது. ரீவியிலை இருக்கிறவரையெண்டாலும் திட்டுவம்." புருஷனும் பக்கத்தில் இருந்துதான் பார்ப்பாராம். குணசேகரன் கத்தினால் அவர் சிரிப்பாராம், மருமகள்மார் திருப்பிக் கொடுத்தால் எழும்பித் தண்ணி குடிக்கப் போய்விடுவாராம். நாடகம் எப்படி வேலை செய்தது என்பதை இதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை.

எனக்கு ஒரு குறையும் உண்டு. அவர் அவ்வளவு நன்றாக நடித்ததால் பெண்களின் கதை பின்னுக்குப் போய்விட்டது. மருமகள்மார் நான்கு பேரும் நல்ல நடிகைகள். ஆனால் ரிக்ரொக்கில் பெடியள் எடுத்துப் போட்டது முழுக்கக் குணசேகரனின் வசனத்தைத்தான், அதுவும் பகிடியாக இல்லை, வீரமாக. அதில் நடிகரின் பிழை ஒன்றுமில்லை.

ஆள் உண்மையிலையும் அப்பிடித்தானோ? வீட்டிலையும் அதட்டிறவரோ?

வீட்டுக்குள் எட்டிப் பார்க்க எனக்கு வழியில்லை, தேவையுமில்லை. மனைவி, ஒரு மகன், ஒரு மகள் என்று குடும்பம். அவர்கள் பெயரையெல்லாம் இங்கே இழுக்க வேண்டாம்.

பேட்டிகளில் பார்த்த மாரிமுத்து நிறையப் புத்தகம் வாசிக்கிறவராக, சரளமாகக் கதைக்கிறவராக, சாதகம் சோதிடம் ஒன்றையும் நம்பாதவராகத் தெரிந்தார். குணசேகரனோடு ஒத்துப்போவது குரலும் ஊர்த் தமிழும் மட்டும்தான். கருத்தில் இரண்டு பேரும் எதிரெதிர்.

எப்பிடிச் செத்தவர்? செற்றிலை விழுந்தவர் எண்டும் சொல்லுகினம், கார் ஓடேக்கை எண்டும் சொல்லுகினம்.

2023 செப்ரெம்பர் 8, வெள்ளிக்கிழமை காலை. இங்கே நல்லூர்த் திருவிழா நடந்துகொண்டிருந்த நாட்கள். கோயில் வீதியில்தான் பலர் செய்தி கேள்விப்பட்டார்கள். படப்பிடிப்பில் நடக்கவில்லை. சென்னையில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் 'எதிர்நீச்சல்' நாடகத்துக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தார். தம்பி ஞானசேகரனாக நடிக்கும் கமலேஷும் கூட இருந்தார். பேசிக்கொண்டிருக்கையில் மூச்சு எடுக்கக் கஷ்டமாக வெளியே போயிருக்கிறார். தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வடபழனியில் ஒரு மருத்துவமனைக்குப் போனார். அங்கே காப்பாற்ற முடியவில்லை, மாரடைப்பு. ஆகவே "கார்" என்ற கதையில் பாதி உண்மை உண்டு. விபத்து ஏதும் இல்லை.

டப்பிங் என்பதை விளங்காதவர்களுக்கு: நாடகம் எடுக்கும்போது பேசுகிற குரல் அப்படியே போவதில்லை. பிறகு இருட்டறையில் திரையைப் பார்த்து, வாயசைவுக்குச் சரியாகத் திரும்பப் பேச வேண்டும். குணசேகரன் மாதிரி ஒரு பாத்திரத்துக்கு அந்தக் கத்தல் முழுவதையும் இரண்டாம் தரமும் கத்த வேண்டும். கிழமைக்கு ஆறு நாள் ஓடுகிற நாடகத்தில் அது முடிவில்லாத வேலை. அதனால்தான் செத்தார் என்று நான் சொல்லவில்லை. மாரடைப்பு ஒரே காலையில் உண்டாகிற வியாதி இல்லை, இரத்தக் குழாயில் வருடக்கணக்காகச் சேர்ந்த அடைப்பு.

உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோய்த்தான் கடைசிக் கிரியை செய்தார்கள்.

நாடகத்திலை நெஞ்சு நோகுது எண்டு சொன்ன காட்சி வந்ததெல்லோ? அது முதலே தெரிஞ்சு சொன்னதோ?

அந்தக் காட்சி உண்மை. அவர் இறந்த அன்றைக்கு எல்லார் போனிலும் ஓடியது. ஆனால் நாடகத்தில் நடிகர் சொல்வது வசனம் எழுதுகிறவர் எழுதிக் கொடுத்தது. அந்தக் கட்டத்தில் கதையே அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது: அப்பத்தாவின் 40 வீதம் கைவிட்டுப் போன அதிர்ச்சி, குணசேகரனுக்கு உடம்பு சரியில்லை, ஒரு கை வேலை செய்யவில்லை. அந்தக் கையை அவர் தூக்கிக்கொண்டு திரிந்த விதத்தைப் பற்றி எங்கள் கடையில் இரண்டு கிழமை கதைத்தார்கள்.

பிறகு மரணம் வந்ததும் வசனம் வாக்காகிவிட்டது. யூரியூப்காரர் அதற்குச் சோக இசை போட்டுப் பணம் பார்த்தார்கள். நான் அதில் வேறொன்றும் காணவில்லை.

சாத்திரிமாரோடை சண்டை பிடிச்சவர், ஒரு மாதத்திலை ஆள் இல்லை. இதுக்கு என்ன சொல்லுறீர்?

கேட்டவர் நிச்சயமாக என்னை மடக்கத்தான் கேட்டார். நடந்தது இதுதான்: இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் ஜீ தமிழில் 'தமிழா தமிழா' என்ற விவாத நிகழ்ச்சியில் ஒரு பக்கம் சோதிடர்கள், மறு பக்கம் சோதிடத்தை நம்பாதவர்கள். மாரிமுத்து நம்பாதவர்கள் பக்கம் நின்று கடுமையாகப் பேசினார். அது இணையத்தில் எங்கும் பரவியது. அவர் இறந்ததும் சிலர் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள்.

எங்கள் ஊரில் குறிப்புப் பார்க்காமல் கலியாணம் நடப்பது குறைவு. என் வீட்டிலும் பார்த்தார்கள். அது அவரவர் நம்பிக்கை. ஆனால் சாத்திரத்தை மறுத்துப் பேசியவர் 56 வயதில் இறந்தால் அது தண்டனை, சாத்திரம் சொல்கிற ஒருவர் 50 வயதில் இறந்தால் அது விதி என்று கணக்குப் பார்த்தால், அந்தக் கணக்கில் ஒருநாளும் பிழை வராது. அவருக்கு நடந்தது என்ன என்பதை இரண்டு கேள்விக்கு முன் எழுதியிருக்கிறேன். ஒரு செத்தவீட்டில் நின்று "சொன்னேன் பார்த்தியா" என்று சொல்வது எந்தச் சாத்திரத்திலும் மரியாதையில்லை.

இஞ்சை ஒராளுக்கு அப்பிடி நெஞ்சு நோ வந்தா என்ன செய்யிறது? ஓட்டோவிலை ஏத்திறதோ?

1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை. 2018 ஜூலையில் யாழ்ப்பாணத்தில் தொடக்கி வைத்தார்கள். ஓட்டோவிலோ சொந்த வாகனத்திலோ போனால் வழியில் இதயம் நின்றுவிட்டால் பார்க்க ஆளில்லை. அம்புலன்ஸில் வருகிறவர்கள் ஏறின நிமிடத்திலிருந்தே வேலையைத் தொடங்குவார்கள். மாரிமுத்து செய்தது போல நோயாளி தானே வாகனம் ஓட்டிப் போவது எந்த வயதிலும் கூடாது, வீதியில் நிற்கிறவர்களுக்கும் ஆபத்து.

எங்கள் ஆட்களின் பெரிய பிரச்சினை வேறு. நெஞ்சு நோ என்றதும் "வாய்வு" என்று இஞ்சித் தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். நடுநெஞ்சில் அமுக்குகிற மாதிரி நோ, அது தோள், கை, தாடைக்குப் பரவுவது, வியர்த்துக் கொட்டுவது, மூச்சு முட்டுவது இதெல்லாம் வந்தால் காத்திருக்க வேண்டாம். பெண்களுக்கும் நீரிழிவுக்காரருக்கும் நோ பெரிதாக இல்லாமல், களைப்பும் மூச்சு முட்டலுமாக மட்டும் வருவதும் உண்டு. அடைப்பு எவ்வளவு நேரம் இருக்கிறதோ அவ்வளவுக்கு இதயத் தசை செத்துக்கொண்டு போகும். வாய்வாக இருந்தால் நல்லது, அதை வைத்தியசாலையில் ஒரு ஈசிஜி எடுத்துவிட்டுச் சொல்லட்டும்.

அவருக்குப் பதிலா வந்தவர் ஆர்? ஏன் பழைய மாதிரி இல்லை?

வேல ராமமூர்த்தி. எழுத்தாளர், சினிமாவிலும் கனமான கிராமத்து வேஷங்கள் செய்தவர். குணசேகரன் வீட்டை விட்டுப் போய்விட்டார் என்று கதையைக் கொஞ்ச நாள் ஓட்டி, 2023 ஒக்ரோபரில் அவரைக் கொண்டுவந்தார்கள்.

அவர் மோசமாக நடித்தார் என்று சொல்ல மாட்டேன். அவருடைய குணசேகரன் பயமுறுத்துகிற ஆள். பார்வையே போதும். ஆனால் நான் மேலே சொன்ன அந்த நக்கல் இல்லை. நக்கல் போனதும் சிரிப்பு போனது, சிரிப்பு போனதும் குணசேகரன் வெறும் கெட்டவனாகிவிட்டார். எழுதிய வசனங்கள் மாரிமுத்துவின் வாய்க்கு அளவெடுத்தவை, அவற்றை இன்னொருவர் பேசினால் அங்கங்கே தொங்கும். முதல் பாகம் 2024 ஜூன் 8ஆம் திகதி முடிந்தது. அதே வருடம் டிசெம்பரில் 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்று இரண்டாம் பாகம் வந்தது. அதிலும் வேல ராமமூர்த்திதான் குணசேகரன், ஜனனி வேறு ஆள். ஜனனி மாறியதைப் பற்றி ஒரு கிழமை கதைத்துவிட்டு விட்டுவிட்டார்கள். குணசேகரன் மாறியதை இன்னும் விடவில்லை.

செத்தாப் பிறகும் 'இந்தியன் 2' படத்திலை வந்தவரே? அது கொம்பியூட்டராலை செய்ததோ?

படம் எடுத்தது முன்பே. 'இந்தியன் 2' பல வருடம் இழுபட்ட படம். அதில் நடித்த விவேக்கும் நெடுமுடி வேணுவும் 2021இலேயே இறந்துவிட்டார்கள். மாரிமுத்துவும் அப்படித்தான், தன் பகுதியில் நடித்துவிட்டுப் போனவர். படம் வெளியானது 2024 ஜூலை 12. முதல் பதிலில் அவர் பிறந்த திகதியைப் பாருங்கள், அதே நாள்.

இவ்வளவு திறமையான ஆள், ஏன் 55 வயசு வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியேல்லை?

இதற்கு நேரான பதில் இல்லை, எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். அவர் தன்னை இயக்குநராக நினைத்துக்கொண்டிருந்தார். இரண்டு படமும் பெரிதாக ஓடவில்லை. சினிமாவில் துணை நடிகருக்கு ஒரு படத்தில் நான்கைந்து காட்சிதான். அதற்குள் ஒரு ஆளை முழுதாகக் காட்ட 'பரியேறும் பெருமாள்' மாதிரி எழுத்து கிடைக்க வேண்டும், அது அடிக்கடி கிடைக்காது. நாடகம் அவருக்குக் கொடுத்தது நேரம். ஒரே மனிதரை நூற்றுக்கணக்கான நாள் நடிக்கலாம், ஒரு நாள் கோபம், ஒரு நாள் பயம், ஒரு நாள் தோல்வி என்று.

நாடகத்துக்குப் போனால் சினிமாவில் மதிப்புக் குறையும் என்று சொல்கிற காலம் ஒன்று இருந்தது. இவருக்கு எதிர்மாறாக நடந்தது. 'ஜெயிலர்' பார்க்கப் போனவர்கள் தியேட்டரில் இவரைக் கண்டதும் "குணசேகரன், குணசேகரன்" என்று கத்தியதை நானே கேட்டேன். ரஜினி படத்தில் ஒரு அடியாளாக வந்தவருக்கு! அதற்குப் பிறகு அவருக்குக் கிடைத்தது ஒரு மாதம் கூட இல்லை.

இப்ப பாக்கிறதெண்டா எங்கையிருந்து தொடங்கிறது? முழு நாடகத்தையும் பாக்க நேரமில்லை.

முழுவதையும் பார்க்கத் தேவையில்லை. ஜனனி கலியாணமாகி வீட்டுக்குள் வருகிற தொடக்கப் பகுதி, பிறகு குணசேகரனின் தங்கை ஆதிரையின் கலியாணக் கலவரம். இந்த இரண்டையும் பார்த்தால் போதும். ஆதிரை கலியாணப் பகுதியில் அவர் தன் உச்சத்தில் இருந்தார். புதுக் குணசேகரன் வருகிற இடத்தில் நிறுத்திவிட்டு 'பரியேறும் பெருமாள்' பாருங்கள். 'ஜெயிலர்' அவருக்காகப் பார்க்கத் தேவையில்லை.

அப்பத்தாவின்ரை 40 வீதத்தைக் கைநாட்டு வைப்பிச்சு எடுத்தவையெல்லோ. இஞ்சை அப்பிடிச் செய்யேலுமே?

சட்டைக்கு அளவெடுக்கையில் வந்த கேள்வி, ஆனால் கேட்டவருக்கு வீட்டில் காணிப் பிரச்சினை இருந்தது, அதனால் விசாரித்தே பதில் சொன்னேன். இலங்கையில் காணியைக் கைமாற்ற நொத்தாரிசு (பத்திரம் எழுதி உறுதிப்படுத்துகிறவர்) முன்னாலும் இரண்டு சாட்சிகள் முன்னாலும் உறுதி, அதாவது காணிப் பத்திரம், முடிக்க வேண்டும். 1840ஆம் ஆண்டிலிருந்தே அதுதான் சட்டம். கையெழுத்துப் போடத் தெரியாதவர் கைநாட்டு வைக்கலாம், ஆனால் நொத்தாரிசு உறுதியை வாசித்து விளங்கப்படுத்த வேண்டும். நித்திரையில் கிடக்கிற கிழவியின் விரலைப் பிடித்து மையில் தோய்த்து எடுத்த கடதாசி இங்கே செல்லாது.

ஆனால் எங்களிடம் வேறொன்று இருக்கிறது. தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம்) உட்பட்ட கலியாணமான பெண், சீதனமாக வந்த தன் சொந்தக் காணியையே விற்கவோ ஈடு வைக்கவோ புருஷனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. புருஷன் நியாயமில்லாமல் மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய்ச் சம்மதத்துக்குப் பதிலாக உத்தரவு கேட்கலாம். புருஷன் தன் சொந்தக் காணியை விற்க மனைவியைக் கேட்கத் தேவையில்லை. இதைச் சொன்னதும் கேட்டவர் சொன்னார், "அப்ப குணசேகரன் இஞ்சை பிறந்திருக்கலாம், கைநாட்டுக்கு அலையத் தேவையில்லை" என்று. மிச்சத்தை நொத்தாரிசிடம் கேட்கச் சொல்லி அனுப்பினேன்.